சக்கரவர்த்தியின் கோதுமை

பேரரசுகள் ஏன் விழுந்தன என்று யாராவது கேட்டால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். இந்த அருங்காட்சியகத்தில் பண்டைப் பேரரசுகள் பிரிவுக்கு நான்தான் தலைவன். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சக்கரவர்த்தி' என்கிறார்கள். அது கிண்டல் என்று புரியவே எனக்கு வெகுகாலம் பிடித்தது. அதுவரை உச்சி குளிர்ந்துபோய்த் திரிந்தேன்.

என் மனைவி அதே கட்டடத்தில் பூச்சிகள் பிரிவின் தலைவி. அன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"வேற ஊர் மியூசியத்துல கூப்பிடறாங்க. பூச்சிக்குன்னு தனி ஹால், ஜன்னலோட. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

எனக்கு வாய் நிறைய நுரை. "நீ என்ன சொல்லப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல. நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கலாம்னு இருக்கேன்."

புத்தியுள்ளவன் நுரையைத் துப்பிவிட்டு உட்கார்ந்து பேசியிருப்பான். நான், "மாகாணம் பிரிஞ்சு போறதுக்கு முன்னாடி எப்பவும் இப்படித்தான் ஒரு தூது வரும்" என்றேன், பெரிய நகைச்சுவை என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜன்னல் என்றாளே, அதில் விஷயம் இருக்கிறது. ஆதியில் என் ஹாலுக்கு அடுத்த ஹால் அவளுடையது. பேரரசின் எழுச்சிக்கு இடம் போதவில்லை என்று ஒரு சுவர் கேட்டேன். கட்டிய கணவன் கேட்கிறானே என்று கொடுத்தாள். அப்புறம் தேர்ப்படைக்கு ஒரு மூலை. மூலை கிடைத்த பிறகு மீதியை விட்டுவைக்க மனம் வருமா? அவளுடைய வண்ணத்துப்பூச்சிகள் இப்போது லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத சாமான் அறையில் இருக்கின்றன. வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டு மேஜை என் புத்தகங்களிடம் வீழ்ந்தது. பால்கனி சண்டையில்லாமல் சரணடைந்தது. அவள் இஸ்திரிப் பலகையின் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து வேலை பார்க்கிறாள்.

இவ்வளவு இடம் பிடித்தும் பேரரசின் எழுச்சிக்கு ஒரு ஹால், உச்சத்துக்கு இரண்டு ஹால் போக, சரிவுக்கு மிஞ்சியது கழிவறைக்குப் போகும் நடைபாதையில் ஒரு பலகைதான். அந்த வழியே போகிறவர்கள் நின்று படிக்கும் நிலையில் இருப்பதில்லை.

என் தலைசிறந்த படைப்பு, அவளிடம் பிடித்த ஹாலில் பொம்மைகளை வைத்து அமைத்த களஞ்சியம். மண்சுவர், மூட்டை சுமக்கும் அடிமைகள், குந்தி உட்கார்ந்த கணக்கர்கள், நடுவில் குவியலாகக் கோதுமை. பிளாஸ்டிக் மணி போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். அசல் கோதுமைதான் வேண்டும், அதுவும் மருந்து படாத கோதுமை. பண்டைக்காலத்தில் ஏது மருந்து? மனைவி அப்போதே "வேணாங்க" என்றாள். "பூச்சிக்காரங்க கண்ணுக்கு எங்க பார்த்தாலும் பூச்சிதான்" என்று அவள் வாயை அடைத்தேன். 'இக்களஞ்சியம் ஒருநாளும் காலியானதில்லை' என்று மேலே பலகையும் மாட்டினேன்.

தூது வந்த அதே நாள் பிற்பகல் இயக்குநர் சுற்றிப் பார்க்க வந்தார். எதன் முன்னும் நிற்காமல் நடந்துகொண்டே பாராட்டுகிற மனிதர் அவர். அன்று களஞ்சியத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"பிரமாதம்! தானியம் அப்படியே அசையுதே. உள்ள மோட்டாரா?"

குனிந்து பார்த்தேன். குவியலின் சரிவில் மணிகள் மெல்ல உருண்டுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நீண்ட மூக்கோடு கரும்பழுப்பு வண்டுகள், சொல்லி மாளாத எண்ணிக்கையில். ஒன்று தலைமைக் கணக்கரின் மொட்டைத் தலையில் ஏறி நின்றது.

"ஆமா சார், சின்ன மோட்டார்தான்" என்றேன்.

"அடுத்த வாரம் விருந்தாளிங்க வர்றாங்க. இதைத்தான் முதல்ல காட்டறோம். யானை பொம்மைக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க."

அவர் தலை மறைந்ததும் சாமான் அறைக்கு ஓடினேன். கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அது இழுத்துத் திறக்கும் கதவு. அந்த அறைக்கு அவளை அனுப்பியவன் நான்; ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

வண்டையும் நான் சொன்ன மோட்டார் பொய்யையும் கேட்டதும் அவள் பூதக்கண்ணாடியோடு வந்து குவியலின் மேல் குனிந்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என் ஹாலில் அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு மணியை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினாள்.

"பொம்பள வண்டு மணியில ஒரு ஓட்டை போட்டு உள்ள முட்டை வைக்கும். அப்புறம் அந்த ஓட்டையை அதுவே பூசி மூடிடும். புழு உள்ளயே உக்காந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தா முழுக் கோதுமை. உள்ள ஒண்ணும் இருக்காது."

பேரரசுகளின் வீழ்ச்சி பற்றி அறுநூறு பக்கம் எழுதியும் என்னால் சொல்ல முடியாததை ஒரு மணியைப் பிளந்து சொல்லிவிட்டாள். இதில் எரிச்சல் என்னவென்றால், அவள் பேரரசைப் பற்றிப் பேசவே இல்லை.

"எல்லாத்தையும் அள்ளி ஃப்ரீசர்ல போடணும். கொஞ்ச நாள் ஹாலை மூடணும். மோட்டார் இல்லேன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்." அதே மூச்சில் தொடர்ந்தேன். "இந்த ஹாலை நீயே எடுத்துக்கோ. உன்னோடதுதானே. ஜன்னல் இருக்கு. போகாத."

மெய்யாகவே பயந்துபோயிருந்தேன். அவள் அந்த மணியை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டு வந்தப்புறம் குடுக்கறீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. "உங்க ராஜாங்களும் அப்படித்தானே? மாகாணம் கைவிட்டுப் போனப்புறம், 'விடுதலை அளித்தோம்'னு கல்லுல வெட்டி வைப்பாங்க. நீங்கதான் சொன்னீங்க, கல்யாணமான புதுசுல."

இத்தனை வருஷமாக என் பேச்சை யாருமே கேட்பதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிக்கலாமே" என்றேன்.

"இந்தப் 'போகாத'வைக் காலையில சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். நீங்க தூதுன்னீங்க. ஆபீசுக்கு வந்ததும் அவங்களுக்கு போன் பண்ணி சரின்னு சொல்லிட்டேன்."

இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். மோட்டார் இல்லை என்பதில்தான் அவருக்கு வருத்தம். அவள் அடுத்த மாதம் போனாள். மேஜை, பால்கனி, இஸ்திரிப் பலகை எல்லாம் எனக்கே மிஞ்சின. வீடு வெறிச்சோடிக் கிடந்தது. எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இப்போது சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போகிறேன். அவளுடைய ஹாலில் முதல் கண்ணாடிப் பெட்டியில் என் களஞ்சியத்து வண்டுகள் இரண்டு இருக்கின்றன. கீழே 'கவனிப்பில்லாத இடங்களில் செழிக்கும்' என்று எழுதியிருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள்.

அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. முதல் தடவை போனபோது ஓரத்தில் எனக்காக ஒரு தட்டு வைக்க இடம் ஒதுக்கித் தந்தாள்.

"போதுமா?"

"தாராளம்."

தண்ணீர் எடுக்க அவள் உள்ளே போனாள். என் கை தானாக நீண்டு மைக்ராஸ்கோப்பை ஒரு விரல்கடை நகர்த்தியது. திரும்பி வந்தவள் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

நகர்த்தினேன்.

"இன்னும்."

தட்டு வைக்க இடமில்லை. கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.