பக்ஷியின் பர்மியக் குரல்

இந்திப் பட வில்லன் ஜக்தேவ் பக்ஷிக்கு ரங்கூனில் நான்தான் குரல். பம்பாயில் அவர் வாயைத் திறந்தால் ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் என் தொண்டையிலிருந்து பர்மிய மொழி வரும். அவரை மலையுச்சியிலிருந்து தள்ளினார்கள், முதலைக்குப் போட்டார்கள், பெற்ற மகன் கையாலேயே சுடவைத்தார்கள். அத்தனை சாவிலும் கூடவே நானும் செத்திருக்கிறேன். கதாநாயகர்கள் வந்தார்கள், தொப்பை போட்டுப் போனார்கள். தாடி நரைத்தும் பக்ஷி மட்டும் மிரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு படத்தில்கூட ஊர் சிரிக்கச் சாகவில்லை. இப்போது நடிப்பை விடுகிறாராம். அவருடைய கடைசிப் படம் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தது.

முதலாளி பழனியப்பனும் என்னைப் போல ரங்கூன் தமிழர்தான். வாசல் பலகையில் மட்டும் ஊ ஹ்லா மாங் என்று பர்மியப் பெயர். ஒலிப்பதிவு செய்யும் லதா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, பழனியப்பன் என் அறைக்குள் வந்தார்.

"ஆல்பின், இந்தப் படத்துல பக்ஷிக்கு பர்மா பாஷைய ஒடச்சுப் பேசு. கலா பேசுற மாதிரி. டிவிக்காரங்க அதத்தான் கேக்குறாங்க. சனம் சிரிக்கணுமாம்."

கலா என்றால் இந்தியன். நான் பிறந்த ஊரிலேயே என்னை வைவதற்கு வைத்திருக்கும் சொல். எனக்குச் சுருக்கென்றது.

"ஹீரோவும் இந்தியாக்காரன்தானே அண்ணே. அவனும் ஒடச்சுப் பேசுவானா?"

"அவன் எதுக்குப் பேசுறான்? அவன் நல்லவன்."

"அப்ப கெட்டவன் மட்டுந்தான் கலாவா?"

"வியாக்கியானம் பண்ணாத. கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும். முடியாதுன்னா சொல்லு, ஷ்வேப்யிதாவுல ஒரு பய காத்துக்கிட்டிருக்கான். அப்பறம் உனக்கு இங்க எந்தப் படமும் கெடையாது."

எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வயதில் என் நாக்கை நானே முடமாக்குவதா என்ற ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எப்படின்னு புரியல. ஒரு வரி பேசிக் காட்டுங்க."

அவர் அலட்சியமாக மைக் முன்னால் நின்றார். மார்பில் துப்பாக்கி வைத்தவனிடம் பக்ஷி சொல்லும் வரி: 'கொல்லு. ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கொல்லு.' பழனியப்பன் அதைத் தட்டுத்தடுமாறி, இழுத்து, அழுத்திப் பேசினார். அச்சு அசலாக அவருடைய அப்பா மாரிச்சாமி குரல். துறைமுகத்தில் மூட்டை சுமந்த மாரிச்சாமி மாமா அப்படித்தான் பர்மிய மொழி பேசுவார். பாதியிலேயே பழனியப்பனுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டார்.

"மாமா குரல் அப்படியே இருக்குண்ணே. இதுக்குத்தான் சனம் சிரிக்கணுமா?"

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. வெளியே போய் லதா பக்கத்தில் நின்றார்.

நான் ஹெட்போனை மாட்டினேன். "லதா, போடும்மா."

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. அவளும் வேலையை நம்பி இருப்பவள்தான். இருந்தும் பொத்தானை அழுத்தினாள்.

பேசினேன். ரங்கூனில் எந்தப் பர்மியனும் குறை சொல்ல முடியாத பர்மிய மொழியில், பழனியப்பனை நேராகப் பார்த்தே பேசினேன்.

ஹெட்போனில் அவர் குரல் வந்தது. "மூச்சுச் சத்தம் விழுந்திருச்சு. மறுபடி எடு."

"இப்படித்தான் பேசுவேன்."

"தெரியுது. பேசு."