பத்தொன்பதரை அங்குலம்

தையற்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்புகிறவர்கள் பண்டிகைக்குத் துணி கொடுத்துப் பார்க்காதவர்கள். "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்று நான் சொன்ன பொய்களுக்கு எல்லையே கிடையாது. அதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான்.

1934-ல் எனக்கு இருபத்து நாலு வயது. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் என் கடை. ஒரு மில்லின் கால்பந்தாட்டக் குழுவுக்கு அரைக்கால் சட்டை தைக்கிறவன் நான்தான். அந்தக் குழுவில் செங்கோடன் என்று ஒருவன், அன்னூர்க்காரன், என் வயதுதான். நன்றாக ஆடுகிறான் என்பதற்காகவே அவனுக்கு மில்லில் வேலை கொடுத்திருந்தார்கள். எதிராளி இடது பக்கம் பாய்ந்து விழுவான், இவன் பந்தோடு வலது பக்கம் போய்க்கொண்டிருப்பான். அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் எத்தனை நாள் பாதித் தையலில் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருக்கிறேன்! இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அந்த வருஷம் தை மாதம் ஓர் ஆட்டத்தில் அவனுடைய இடது முழங்கால் திருகிக்கொண்டது. ஒரு வைத்தியர் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து இரண்டு மாதம் கட்டிவைத்தார். வீக்கம் வற்றியது. வலியும் போனது. "சரியாப் போச்சு ரசாக்கு, புது அரைக்கால் சட்டைக்கு அளவெடு" என்று வந்து நின்றான். வலது தொடை இருபது அங்குலம். இடது பதினெட்டரை. பின்பக்கம் தொட்டால் வெறும் பஞ்சு.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவனை மில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பாலகோபாலிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எல்லாரும் முட்டிய முன்னாலயே பாக்கறீங்க. தொடைக்குப் பின்னால இருக்கற சதைதானுங்க கீழ்க்கால முன்னால நழுவாம இழுத்துப் புடிக்குது. அது இளைச்சுக் கெடக்கறப்ப ஓடித் திரும்புனா முட்டி போயிருமுங்க" என்றார் அவர். குப்புறப் படுத்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டி, மெல்ல மடக்கி மெல்ல நீட்ட வேண்டுமாம். இரண்டு தொடையும் ஒரே அளவுக்கு வரும்வரை ஆடக் கூடாதாம். மேனேஜர் தம்பிதுரையிடமும் அதையே சொல்லிவிட்டார்.

காக்கித் துணியில் மணல் பை தைத்தேன். செங்கோடன் தினமும் வேலை முடிந்து வந்து என் கடைக்குள் குப்புற விழுந்து கிடப்பான். "ஏனுங்க, இவருக்கு என்னாச்சுங்க?" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். "சட்டை இன்னும் தெச்சாகலீன்னேன், அப்படியே படுத்துட்டாருங்க" என்பேன். அவன் சிரித்தால் மணல் பையும் சேர்ந்து ஆடும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் அளவெடுப்பேன். கால் அங்குலம் ஏறியிருந்தால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பெருநாள்தான். அந்த நாலு மாதம்போல் நான் அப்புறம் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

ஆடி மாதம் மதுரைக் குழுவோடு கடைசி ஆட்டம் வந்தது. முந்தின நாள் தம்பிதுரையே கடைக்கு வந்துவிட்டார்.

"நாளைக்கு ஆடலீன்னா இவன் பேரை அடிச்சுப்போட்டு வேற ஆளை எடுக்கச் சொல்லிட்டாரு மொதலாளி. அப்பறம் வேலையும் இல்ல. கம்பவுண்டர் சொன்ன அளவு வந்துருச்சா? அளந்து சொல்லப்பா ரசாக்கு."

செங்கோடன் வேட்டியை மடித்துக்கட்டி நின்றான். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். டேப்பைச் சுற்றினேன். பத்தொன்பதரை. சட்டை தொடையை இறுக்காமல் இருக்கத் தையற்காரர்கள் நாங்கள் ஒரு விரலை டேப்புக்குள் விட்டு அளப்போம், அரை அங்குலம் கூடும். தம்பிதுரைக்குத் தெரியாதபடி, தொடையின் பின்பக்கம் விரலை விட்டேன்.

"இருபதுங்க" என்றேன்.

மறுநாள் முதல் பாதியில் அவன் இரண்டு கோல் போட்டான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாம் பாதியில் அவனை யாரும் தொடவே இல்லை. ஓடி வந்தான், திரும்பினான், விழுந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மாதமே மில்லை விட்டு அன்னூருக்குப் போய்விட்டான்.

ஐந்து வருஷம் நான் அவன் முகத்தில் விழிக்கவில்லை. என் அளவை நம்பி இறங்கியவன் என்ற நினைப்பு சோறு இறங்கவிடாது. சந்தையில் தூரத்தில் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். கோழை நான். கடைசியில் அவனேதான் ஒரு நாள் காலைச் சாய்த்துச் சாய்த்துக் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

"அன்னிக்கு இருபது இல்லப்பா, பத்தொம்பதரை. உள்ள விரலை விட்டு அளந்துபோட்டேன். உன் காலை நாந்தான் கெடுத்தேன்."

அவன் இடது தொடையின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டான்.

"என்ற தொடையில உன்ற விரல் பட்டது எனக்குத் தெரியாதா?" என்றான். "எங்க நீ அதை எடுத்துப்போடுவியோன்னுதான் மூச்சைப் புடிச்சுட்டு நின்னேன்."