முதல் தவணை தவறிய தேதி

1.
எனக்கு எழுத்துகள் தெரிகின்றனவா என்று கேட்க வேண்டியவள், தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சார், இந்தத் தேதி என்னன்னு பாருங்க" என்றாள். இக்கதை பிறந்த இடம் அதுதான். கண் பரிசோதனை நாற்காலியில், ஒரு கண் மூடிய நிலையில், அதிலிருந்த கடன் அறிக்கையை வாசித்தேன்: 'கடைசியாகப் புதுப்பித்த தேதி.' நடப்பு மாதம். அவள் முகம் வெளிறியது. நடந்ததை அவளே சொன்னாள். சொல்லாததை நான் இட்டு நிரப்புகிறேன்.

2.
அந்தக் கடையை அவள் வாங்க நினைத்தபோது—

(அடித்துவிட்டேன். 'அந்த' என்று சுட்டிக்காட்ட வாசகருக்கு இன்னும் எதையும் காட்டவில்லை.)

மறுபடியும்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி, தான் வாடகைக்கு இருக்கும் கடையையே விலைக்கு வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தாள். கணவனுக்கு வேலை போயிருந்த காலத்தில் அவளது கடன் அட்டைத் தவணைகள் தவறின. பிற்பாடு வட்டியோடு கட்டித் தீர்த்தாள். வங்கிகள் பார்க்கும் கடன் அறிக்கை மட்டும் 'நிலுவை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்சேபம் எழுப்பினாள், வென்றாள். அறிக்கை நிறுவனத்தார் 'செலுத்தப்பட்டது' என்று திருத்தினார்கள். கூடவே நான் வாசித்த அந்தப் புதிய தேதியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கிளறாதீங்க அண்ணின்னு அப்பவே சொன்னேன்" என்றான் கொழுந்தன். "தவணை தவறின பதிவு ஏழு வருஷத்துல அறிக்கையிலேருந்து அதுவா உதிர்ந்துடும். முக்கால்வாசி ஓடிப்போச்சு. இப்ப மறுபடி முதல்லேருந்து."

"அவரை மாதிரியே பயமுறுத்துறீங்களே, உங்க அண்ணனுக்குத் தம்பின்னு நிரூபிக்க வேற வழியே கிடைக்கலையா?" என்றாள்.

(கொழுந்தன் சொல்வது தவறு. அவனை நீக்கிவிட நினைத்தேன். ஆனால் வீட்டில் எல்லோரும் நம்புவது அவனைத்தான், ஆகவே இருக்கட்டும்.)

3.
ஓர் இடைக்குறிப்பு. நான் ஓதி வளர்ந்த பழம்பாடல்களில் வினைக்குக் காலக்கெடு இல்லை. அருளால் அறுந்தாலொழிய அது பிறவிதோறும் பின்தொடரும். கடன் அறிக்கை எழுதுவோர் நம் ஆன்றோரைவிட இரக்கமுள்ளவர்கள். அவர்களிடம் வினைக்கு ஆயுள் ஏழே ஆண்டு. அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் அவள் உயிர் ஊசலாடுகிறது.

4.
பதற்றத்தில் அவள் ஒன்று செய்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய தேதியையே திருப்பித் தரும்படி அறிக்கை நிறுவனத்துக்கு இரண்டாவது ஆட்சேபம் அனுப்பினாள். மறுநாளே வங்கி அதிகாரி அழைத்தார்.

"மேடம், ஃபைல் நின்னுபோச்சு. ஆட்சேபத்துல இருக்குற கணக்கை வச்சுக்கிட்டு கடன் தர மாட்டாங்க. வாபஸ் வாங்கிடுங்க."

"வாங்கினா அந்தப் புதுத் தேதியே நிலைச்சிடுமே?"

"அறிக்கையில மூணு தேதி இருக்கு. கணக்கு திறந்தது, முதல் தவணை தவறினது, கடைசியா தகவல் புதுப்பிச்சது. ஆட்சேபிச்சா மூணாவதுதான் மாறும். ஏழு வருஷத்தை ரெண்டாவதுலேருந்துதான் எண்ணுவாங்க."

"அப்ப ரெண்டாவது மாறலையா?"

"மாறக் கூடாது."

"மாறலையான்னு கேட்டேன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை. "அது சிஸ்டத்துக்குத்தான் தெரியும் மேடம். என் திரையில வராது."

அவளிடமிருந்த சுருக்க அறிக்கையிலும் முதல் தவணை தவறிய தேதி இல்லை. முழு அறிக்கை தபாலில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் கடை உரிமையாளர் பதில் கேட்கிறார். அதே கடையை வாங்க, கைப்பேசி பழுதுபார்க்கும் ஒருவர் ரொக்கத்தோடு காத்திருக்கிறார். வாபஸ் வாங்கி, அந்தத் தேதி உண்மையிலேயே மாறியிருந்தால், பழைய தவறு புதிதாகத் தெரியும், ஃபைல் நகர்ந்த மறுகணம் நிராகரிப்பு. பிறகு அரையாண்டுக்கு அந்த வங்கிப் படியேற முடியாது.

5.
முடிவு, முதல் வடிவம்: வாபஸ் வாங்குகிறாள், தேதி மாறவில்லை, கடை அவளுடையது. (விதி இப்படித்தான் சொல்கிறது. விதியை அப்படியே எழுதிவைத்தால் அது கதையாகுமா?)

இரண்டாம் வடிவம்: காத்திருக்கிறாள், முழு அறிக்கை வருகிறது, தேதி பழையபடியே இருக்கிறது, கடை மட்டும்— (இதை எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவது: யாரோ ஒருவர் எங்கோ தவறான கட்டத்தில் தட்டெழுதியிருக்கிறார், கொழுந்தன் சொன்னதே சரியாகிவிடுகிறது. (நிகழக் கூடாதது. நிகழாதது என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அந்த அதிகாரியாலும் முடியவில்லை.)

6.
ஆகவே இங்கே நிறுத்துகிறேன். திரையில் 'ஆட்சேபத்தைத் திரும்பப் பெறு' என்ற பொத்தான். அவள் விரல் அதன்மேல் படாமல் நிற்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உரிமையாளர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா, யோசிச்சியா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள். எனக்குத் தெரிந்த விதியெல்லாம் உங்களுக்கும் இப்போது தெரியும். சொல்லுங்கள், அழுத்தட்டுமா?