சாமிக்கு ஒரு தனி அறை

பேங்க் மேனேஜருக்குத் திடீரென்று பக்தி முற்றியது. வீட்டில் சாமிக்குத் தனி அறை வேண்டுமாம். தன் அறையைக் கொடுப்பாரா? அங்கே ஏசி இருக்கிறதே! அம்மாவின் அறையைக் காலி செய்து, அவள் கட்டிலைத் தூக்கிக் கூடத்தில் போட்டார்.

முட்டிவலியால் நடக்கச் சிரமப்படும் அம்மா, பாத்ரூமை ஒட்டியிருக்கும் அந்த அறையை நம்பித்தான் இருந்தாள்.

“சாமிக்கு எதுக்குடா பாத்ரூம்? முட்டிவலி அவருக்கா, எனக்கா?”

“குடும்பம் நல்லா இருக்கத்தானேம்மா செய்றேன்!”

“அப்போ நம்ம ரூமைக் கொடுங்களேன். சாமிக்கும் வேர்க்கும்ல?” என்றாள் மனைவி.

பக்திமான் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். கண்ணைத் திறப்பதற்குள் அம்மா தலையணையோடு தன் பழைய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

“சாமியும் நானும் சமாளிச்சுக்கிறோம். நீ ஆபீசுக்குக் கிளம்புடா!”