ஒற்றை இறகு அந்துப்பூச்சி

உட்கார்ந்தால் காய்ந்த துரும்பு, பறந்தால்தான் பூச்சி. அத்தானின் நாற்றுப்பண்ணைக் கண்ணாடிக்கூடத்தில் பிடிபட்ட அந்த இறகு அந்துப்பூச்சி ஒன்றே ஒன்றுதான். அதில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து வந்தது நாற்றுகளை மொட்டையடிக்கும். உள்ளூர்ப் பூச்சி சாது, பிசுபிசுவென்று ஒட்டும் ஒரு களையைத் தவிர எதிலும் வாய் வைக்காது. பார்வைக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். வயிற்றைக் காரநீரில் காய்ச்சி உள்ளுறுப்பைப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும். உள்ளூர்தான் என்று நாளைக்குள் நிரூபிக்காவிட்டால், சோதனை ஆட்கள் கையால் அத்தனை நாற்றும் நெருப்புக்கு.

பூச்சி ஆய்வகத்தில் இந்த வேலை தெரிந்தவள் அவருடைய கொழுந்தியாள் ஒருத்திதான். உறவு தெரிந்தேதான் மேலதிகாரி வேலையைக் கொடுத்தார். "ஆதாரத்தோட சொல்லு, சொந்தத்தோட சொல்லாத" என்றார்.

வயிற்றைக் கத்தரித்துக் குழாயிலிட்டுச் சூடேற்றிய நேரத்தில் அக்கா போனில் அழைத்து அழுதாள். அடுப்பில் பால் பொங்கும்போது பேச்சுக் கொடுக்கிற அதே அக்கா. தேற்றிவிட்டுத் திரும்பினால், நீர் வற்றி, வயிறு கரியாகிக் குழாயில் ஒட்டியிருந்தது.

இத்தனை படித்தும் ஒரு குழாயைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகுதான் பூச்சியின் பழக்கம் நினைவுக்கு வந்தது. அந்தக் களையை வெளிப்பூச்சி தொடாது; அதில் இதன் புழு மேய்ந்தால் அதுவே ஆதாரம். புழு பிடிக்கும் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கூடத்துக்குப் பறந்தாள்.

அத்தான் வாசலிலேயே பெருமையாக நின்றார்.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்கள்ல, ஒரு களை விடல. எல்லாத்தையும் புடுங்கிக் கொளுத்திட்டேன்."

பின்பக்கம் புகைந்துகொண்டிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, தண்ணீர் வேண்டுமா, விசிறவா என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் கண் அவருடைய கால்சட்டையில் நிலைகுத்தியது.

"அத்தான், அசையாதீங்க."

வாய் ஓயாத மனிதர் மூச்சையும் நிறுத்திவிட்டார். முழங்காலுக்குக் கீழே அந்தக் களையின் ஒரு கிளை ஒட்டியிருந்தது. அரித்த இலைமேல் ரோமம் அடர்ந்த பச்சைப் புழு ஒன்று கிடந்தது. அசைவில்லை. செத்துவிட்டதோ என்று அவள் குனிந்து பார்த்தாள். புழு மெல்லத் தலையைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கால எடுக்கலாமா?" என்றார் அத்தான் ரகசியமாக.

"வேணாம். பெட்டி எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அக்கா கூப்பிட்டாக்கூடப் போகாதீங்க."