எட்டரை மீட்டர்

அளவெடுக்க வந்தவர் முழங்காலிலிருந்து எழும்ப முந்தியே தவராசா முடிவெடுத்துவிட்டார். மடிக்கிற சரிவுப் பலகைதான். அலுமினியத்தில் செய்தது, மூன்று மீட்டர் நீளம், புத்தகம் மாதிரி மடித்துக் கராச்சுக்குள் சாத்திவைக்கலாம். வேண்டிய நேரம் எடுத்துப் படிமேல் விரித்தால் சக்கர நாற்காலி ஏறும். மற்ற நேரம் வாசல் பழையபடி வாசலாகவே இருக்கும், றோட்டால் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அளவெடுத்தவர் பெயர் கெல்லர். நோயாளிகளுக்கான சாமான் விற்கிற கடையிலிருந்து வந்திருந்தார், அவசரப்படத் தெரியாத மனிதர். ஒரு படி பதினேழு சென்டிமீட்டர், மூன்று படிக்கும் ஐம்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார். ஒருவர் உதவிக்கு ஆளில்லாமல் தன்பாட்டில் ஏறி இறங்குவதானால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆறு சென்டிமீட்டர்தான் உயரலாம், ஆகவே உங்களுக்கு எட்டரை மீட்டர் வேண்டும் என்றார். எட்டரை மீட்டர்! கதவிலிருந்து கேற் வரைக்கும் எண்ணி ஆறு மீட்டர். கெல்லர் அதற்கும் வழி வைத்திருந்தார். சுவரோடு ஒட்டிக் கராச் வரைக்கும் போய், அங்கே ஒரு தட்டில் திரும்பி, மறுபடி கேற்றுக்கு வரலாம். துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய இரும்பு, மழையும் பனியும் கீழே விழுந்துவிடுகிற மாதிரி ஓட்டை ஓட்டையான தட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. படம் கீறிக் காட்டினார். மனைவி புஷ்பராணியின் புதினாப் பாத்திக்கு நடுவால் போனது அந்தக் கோடு.

தவராசா இருபத்தாறு வருசமாக ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர். லொறிக்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் போடுகிற இரும்புப் பலகையில் ஒரு நாளைக்கு நூறு தரம் ஏறி இறங்குவார். ஈரப் பலகையில் பாரம் எப்படி வழுக்கும் என்பதெல்லாம் கெல்லருக்கு அவர் பாடம் எடுக்கலாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை அது சாமான் ஏறுகிற பாதை. தன் மனுசி அதில் ஏறி வீட்டுக்குள் வருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மடிக்கிற பலகையானால் கொஞ்ச நாளைக்குத்தானே என்று மனதைத் தேற்றலாம்.

விண்ணப்பத்தில் இரண்டு சின்னச் சதுரம் இருந்தது. மடிக்கிறது ஒன்று, நிலத்தோடு நிரந்தரமாகப் பூட்டி விடுகிறது மற்றது. மடிக்கிறது கட்டை, ஏற்றம் செங்குத்தாக இருக்கும், மோட்டார் நாற்காலி அதில் தனியே ஏறக்கூடாது, பின்னால் தள்ள ஒரு ஆள் எப்போதும் வேண்டும் என்று கெல்லர் இரண்டு தரம் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் மனைவி, அவரோடு கதைத்துவிட்டு அனுப்புங்கள் என்று சொல்லிப் போனார்.

புஷ்பராணிக்குத் தை மாதம், லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்ற இடத்தில், பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போய்விட்டன. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைகூடத்தில் நின்று தவராசா ஹாம் நகரத்து அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். இவள் எழும்பினால், ஆனித் தேரன்று தேருக்குப் பின்னால் அடியழித்து வருவாள். தேர் போன தடத்தில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மூன்றடி வைத்து, மறுபடி விழுந்து கும்பிடுவது. ஊரிலும் இங்கும் பெண்கள் செய்கிற நேர்த்தி அது. வீட்டுக்கு வந்து இரண்டு யூரோ நாணயக் குற்றியை, நேர்த்தி முடிந்ததும் கோயில் உண்டியலில் போட, மஞ்சள் துணியில் முடிந்து சுவாமித் தட்டில் கட்டினார். இந்த நேர்த்தியை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகள் யதுசாவுக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கெல்லர் தந்த படங்களையும் விண்ணப்பத்தையும் கொண்டுபோனார். புஷ்பராணி இருந்த மறுவாழ்வு நிலையம் ஒரு குன்றின்மேல் இருந்தது. அவளை மோட்டார் நாற்காலிக்குப் பழக்கியிருந்தார்கள். வலது கையால் ஒரு சின்னத் தடியை அசைத்தால் ஓடும். யன்னலோரம் நின்று திரும்பி, அவருக்கு நேரே வந்து நின்றாள். அதை அவள் செய்த லாவகத்தைக் கண்டு அவருக்கு ஏனோ கோபம்தான் வந்தது.

மடிக்கிற பலகையின் படத்தைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"உதை ஆர் விரிக்கிறது?"

"நான் இருக்கிறன்தானே."

"நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு?"

"ரெண்டு மணிக்கு வந்திடுவன். அதுக்கிடையில உமக்கு வெளியில என்ன அலுவல்?"

அவள் படத்தை மடியில் வைத்தாள். பேச்சு அவளுக்கு முழுதாகத் திரும்பியிருந்தது. கொஞ்சம் ஆறுதலாக, மெல்ல மெல்ல வரும், அவ்வளவுதான்.

"கோவிக்கக் கூடாது. போன கிழமை நான் தனியப் போய்க் கோப்பி குடிச்சனான்."

"எங்க?"

"றோட்டுக்கு அங்கால, பேக்கரியில. ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. வாசல்ல சரிவு இருந்தது, இறங்கிப் போனன். அந்தப் பிள்ளை கோப்பியைக் கொண்டந்து மேசையில வைச்சது. குடிச்சன். இஞ்ச வந்த முப்பத்திரண்டு வருசத்தில நான் தனிய ஒரு கடையில இருந்து கோப்பி குடிச்சது அதுதான் முதல் தரம்."

தவராசாவுக்கு, விழுந்திருந்தால், கார் ஏதும் தட்டியிருந்தால் என்றுதான் மனம் ஓடியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயின் ஒரு பக்கத்தால்.

"அந்த இரும்பைப் பூட்டினா," என்று தொடங்கினார், "நீர் இனி எழும்ப மாட்டீர் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நான் அம்மாளுக்கு என்ன சொல்லுறது? தேருக்குப் பின்னால நீர் அடியழிச்சு வருவீர் எண்டு நேந்து வைச்சிருக்கிறன், புஷ்பம்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னைக் கேட்டனீங்களோ?"

"அப்ப நீர் நினைவில்லாமல் கிடந்தனீர்."

"நேந்தது நீங்கள். கால் என்ர."

பக்கத்து அறையில் யாரோ தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். அவள் வலது கையால் செத்த இடது கையை எடுத்து மடியில் ஒழுங்காக வைத்தாள். "இந்தக் கால் வராது. டொக்டர் மாசியிலயே சொல்லிட்டார். உங்களுக்கு முன்னாலதான் சொன்னவர்."

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. டொக்டர் அவரைப் பார்த்து நெடுநேரம் பேசினார். தவராசாவுக்குக் களஞ்சிய ஜெர்மன் தண்ணி பட்ட பாடு, ஆனால் டொக்டர்மாரின் ஜெர்மன் ஓடாது. இந்த வீட்டில் கடிதம், ஆஸ்பத்திரி, வரி எல்லாவற்றுக்கும் எட்டு வயதிலிருந்து வாய் யதுசாதான். அன்றைக்கும் அவள்தான் நடுவில் இருந்து, "மெல்ல மெல்ல வருமாம் அப்பா, பொறுமையா இருக்கட்டாம்" என்றாள். அவ்வளவு நேரப் பேச்சு இரண்டு வசனத்தில் முடிந்ததை அவர் அப்போதே கவனித்தவர். கவனித்தும், கேட்காமல் விட்டவர்.

"பிள்ளையில பிழையில்லை. டொக்டரின்ர முகத்திலயே எனக்கு விளங்கிட்டுது, நான்தான் அப்பாக்குச் சொல்லாதை எண்டு கண்ணைக் காட்டினன். நீங்கள் தாங்க மாட்டியள்."

அவருக்கு மகள்மேல் வந்த கோபம் மகளிடம் போய்ச் சேர முந்தியே தன்மேல் திரும்பிவிட்டது. புஷ்பராணி பேனையைக் கேட்டாள். இடது கையால் கடதாசியைப் பிடிக்க ஏலாததால் அவர்தான் பிடித்தார். கீழே கையெழுத்தை வைத்தாள். இரண்டு சதுரத்தையும் வெறுமையாக விட்டுவிட்டாள்.

"மிச்சத்தை நீங்கள் போடுங்கோ" என்றாள்.

அடுத்த செவ்வாய் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சரிவு வந்து சேரும்வரைக்கும் சமாளிக்க என்று கெல்லர் ஒரு மடிக்கிற பலகையை இரவல் தந்திருந்தார். மோட்டார் நாற்காலியை இரண்டு தடியர்கள் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். அது வீட்டுக்குள் ஓடுகிறதுக்கு மட்டும். வெளியே போவதானால் தவராசா வேலையால் வந்து, பலகையை இழுத்து விரித்து, அவளைத் தள்ளுகிற நாற்காலிக்கு மாற்றி, தான் கீழ்ப்பக்கம் நின்று, பின்பக்கமாக அடிவைத்து அவளை இறக்குவார். இறங்கிய பிறகு எங்கே என்று கேட்பார். அவள் அந்த மூலைவரைக்கும் என்பாள். மூலைவரைக்கும் போய்த் திரும்பி வருவார்கள். விண்ணப்பம் சுவாமித் தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குக் கீழே கிடந்தது. ஒவ்வொரு காலையும் கும்பிடும்போது கண்ணில் பட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுக்கொண்டிருந்தார். அம்மாளாச்சி நினைத்தால் ஒரு கால் என்ன பெரிய காரியமா என்று அவர் இன்னும் உள்ளூர நம்பினார். மடிக்கிற சதுரத்தில் கீறிவிடவும் அவருக்குக் கை வரவில்லை, அதுவும் உண்மை.

இரண்டாவது கிழமை, வியாழன். களஞ்சியத்தில் மின்சாரம் நின்றுபோய் பத்தரைக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேற்றைத் திறக்கும்போது கதவுக்குப் பக்கத்து யன்னலில் புஷ்பராணி தெரிந்தாள். கோட் போட்டிருந்தாள். கழுத்தில் சால்வை, மடியில் கைப்பை, காலில் சப்பாத்து. ஒரு கையால் அந்த இடது சப்பாத்தைப் போட்டு முடிக்க அவளுக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும் என்று தாதி சொல்லியிருந்தாள். இன்றைக்கு டொக்டரிடம் போகிற டெர்மின் ஏதும் இருந்து நான்தான் மறந்துபோனேனோ என்று பதறிக்கொண்டு உள்ளே போனார்.

"எங்க போகப் போறீர்?"

"ஒரு இடமும் இல்லை." இந்த நேரத்தில் அவரை எதிர்பார்க்காத திடுக்கிடல் அவள் முகத்தில் இருந்தது. களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி சால்வையைக் கழற்றப் பார்த்தாள்.

"அப்ப ஏன் கோட்?"

"சும்மா."

"ஒவ்வொரு நாளுமோ?"

அவள் கோட் மாட்டுகிற கொழுவியைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அவர் இரண்டு மணிக்கு வரும்போது அவள் வீட்டுச் சட்டையோடுதான் இருப்பாள். கோட்டும் சால்வையும் கொழுவியில் இருக்கும். போட முக்கால் மணித்தியாலம் என்றால், அவர் வர முந்திக் கழற்ற எவ்வளவு நேரம்? நாலு மணித்தியாலம் யன்னலுக்குப் பக்கத்தில் வெளிக்கிட்டுக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு கழற்றிக் கொழுவிவிட்டு, வாருங்கோ தேத்தண்ணி ஊத்தவோ என்று கேட்டிருக்கிறாள். தவராசா அவள் முன்னால் நிலத்தில் குந்தி இடது சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கப் போனவர், அவிழ்க்காமல் அப்படியே அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் காலுக்கு அவர் பிடித்தது தெரியாது.

அன்று மத்தியானமே பூட்டுகிற சதுரத்தில் புள்ளடி போட்டார். அம்மாளாச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. மஞ்சள் முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. நேர்த்தி முடியாமல் அதை அவிழ்க்கக் கூடாது. கடிதத்தைத் தானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டார்.

ஆனி பிறக்க முதல் கெல்லரின் ஆட்கள் வந்து ஒன்றரை நாளில் பூட்டி முடித்தார்கள். புதினாவைத் தவராசா வேரோடு கிளப்பிச் சட்டிகளில் வைத்திருந்தார். ஆட்கள் போன பிறகு ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்தார், தட்டில் ஏறி நின்று குதித்தும் பார்த்தார். அசையவில்லை. புஷ்பராணி முதல்தரம் இறங்கும்போது திருப்பத்தில் நாற்காலி கைப்பிடியில் முட்டியது. அவர் பாய்ந்து கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ."

கையை எடுத்துக்கொண்டார். அவள் பின்னுக்கு எடுத்து, மறுபடி வளைத்து, இறங்கினாள்.

தேருக்குப் பதினொரு நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை, காலை முழுக்க மழை பெய்து மத்தியானம் வெளித்திருந்தது. தவராசா இரண்டேகாலுக்கு வந்து கதவைத் திறந்து, "புஷ்பம்" என்றார். ஹோலில் சார்ஜ் வயர் சுவரிலிருந்து தனியே தொங்கியது. கோட் இல்லை, சப்பாத்து இல்லை. முகம் கழுவிவிட்டு சுவாமித் தட்டடிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் முடிச்சு அந்த இடத்தில் இல்லை. துணி மட்டும் நாலாக மடித்து விபூதிக் கிண்ணத்தின்மேல் வைத்திருந்தது. ஒரு கையால் மடித்தது, ஓரங்கள் சேரவில்லை. உள்ளே குற்றி இல்லை.

நேர்த்தி வைத்தது நான், அவிழ்க்க அவளுக்கு என்ன உரிமை என்று ஒரு கணம் சுள்ளென்றது. அடுத்த கணம் கால் என்ர என்று அவள் சொன்னது காதில் கேட்டது. போனை எடுத்தார். அவள் பெயர்வரைக்கும் விரல் போனது. பிறகு போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வெளியே வந்து பார்த்தார். பாத்தி கிளப்பிய இடத்துச் சேறு சக்கரத்தில் பட்டிருக்க வேண்டும். கேற்றைத் தாண்டி நடைபாதையில் இரண்டு கோடு போயிருந்தது, கொஞ்சமும் கோணாமல். அந்த மூலையில் இடப்பக்கம் திரும்பினால் கோயில் பக்கம் போகிற பஸ் நிற்கும். வலப்பக்கம் இங்கேயும் ஒரு பேக்கரி. கோடு மூலைவரைக்கும் போகவில்லை, வெயில் பட்ட இடத்தில் சேறு காய்ந்து, அதற்கு அங்கால் வெறும் கல்தான் இருந்தது.

பயமாக இருந்தது அவருக்கு. பயத்தோடு சேர்ந்து ஒரு சந்தோசமும் இருந்தது, அதை அவர் அவளுக்கும் சொல்லப் போவதில்லை. சரிவின் உச்சியில், கதவடித் தட்டில் குந்தினார். இரும்பின் ஓட்டைகளுக்குள் மழைத்துளிகள் இன்னும் கீழே சொட்டிக்கொண்டிருந்தன. மஞ்சள் துணியை உள்ளங்கையில் வைத்து ஓரங்களைச் சேர்த்துச் சேர்த்து மடித்தபடி, மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.