ஒரு நிமிடத்துக்குள் அபினா

புதன்கிழமை காலைகளில் நாகர்கோவிலில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் கூடுவோம். இட்லி, வடை, காபி. பிறகு ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி ஒரு நிமிடம் பேசவேண்டும். பெயர், தொழில், எப்படிப்பட்ட ஆட்களை அறிமுகப்படுத்திவிட்டால் உதவியாக இருக்கும் என்பது. நிமிடம் முடிந்தால் தலைவர் ஞானதாசன் மேசை மணியைத் தட்டுவார். அவருக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஃபேக்டரி. ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கும் எங்கள் தொழில் குழுவுக்கு கேப் கனெக்ட் என்று பெயர்.

என்னைச் சேர்த்துவிட்டது டெனிஷ். என் மனைவியின் அண்ணன். மார்த்தாண்டத்தில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கிறான்.

என் மனைவி அபினா போன வருடம் மழைக்காலத்தில் இறந்தாள். அதற்குப் பிறகு திருவனந்தபுரத்தில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலைக்கு நான் போகவில்லை. போகக் கூடாது என்று முடிவு செய்யவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். டெனிஷ் வீட்டுக்கு வந்து, என்னைக் குளிக்கச் சொல்லி, சட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு மருத்துவக் காப்பீட்டு ஏஜென்சிக்குக் கூட்டிப்போனான். பயிற்சி முடிந்ததும் ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கவைத்தான்.

"சிரிக்காண்டாம்லே. அழுகவும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல," என்றான்.

"தாடியை எடுக்கட்டா?"

"தாடி இருக்கட்டு. டிரிம் மட்டும் பண்ணு."

அந்தப் போட்டோதான் என் விசிட்டிங் கார்டில் இருக்கிறது. லிங்க்ட்இன்னிலும் வாட்ஸ்அப்பிலும் அதுவே.

முதல் கூட்டத்தில் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். என் பெயர் ஜெஸ்பின், காப்பீட்டு ஆலோசகர் என்றேன். பிறகு தானாக வந்தது. என் மனைவி அபினா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் நாள் ஐசியூவில் என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போலாமா என்று கேட்டாள். நாளைக்குப் போலாம் என்றேன். அவள் வரவில்லை. உங்கள் வீட்டில் உள்ளவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைகளில், தங்களுக்கு நடந்ததை எழுந்து சாட்சி சொல்கிறவர்கள் இப்படித்தான் முடிப்பார்கள். சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. ஹாலில் பாதிப் பேர் சபைக்காரர்கள். நான் உட்காரும்போது அவர்கள் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். கோட்டாற்றில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் கிருஷ்ணமணி கிறிஸ்தவர் அல்ல, அய்யாவழிக்காரர். அவரும் சொன்னார். சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

அன்று எனக்குக் கிடைத்த அளவுக்கு ரெஃபரல்கள், அதாவது புது ஆட்களின் அறிமுகங்கள், வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

டெனிஷ் அதைச் செதுக்கினான். எங்கே நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் தலையைக் குனியவேண்டும். "இதாக்கும் உனக்க பிராண்ட். பாலிசி ஆயிரம் பேரு விக்கான். இது ஒனக்கு மட்டும்தான் உண்டு," என்றான். கிண்டலாக அல்ல. கண் கலங்கித்தான் சொன்னான்.

சாட்சி நன்றாக இருந்தால் அடுத்த சபையில் கேட்பார்கள். ஆண்கள் ஐக்கியத்தில் பேசினேன். பெண்கள் ஐக்கியத்தில் பேசினேன். ஒரு கல்லூரியில் பேசினேன். போன இடத்தில் எல்லாம் கார்டு கொடுத்தேன். ஒருமுறை கேப் கனெக்டில் அவளை விட்டுவிட்டு, பாலிசியில் என்னென்ன உண்டு என்று மட்டும் பேசிப்பார்த்தேன். ஹால் நெளிந்தது. காபி நேரத்தில் ஞானதாசன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்புக்குச் செரியில்லையா மக்கா?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"பின்ன ஏன் சாட்சி சொல்லல்ல? சாட்சிய விட்டவன் விசுவாசத்துல பின்வாங்கிப் போவான் கேட்டியா."

அடுத்த வாரம் சொன்னேன்.

ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு முந்தைய வாரம் மாமி கூப்பிட்டார். அபினாவின் அம்மா தங்கபாய். கருங்கல்லில் டெனிஷோடு இருக்கிறார்.

"ஜெபத்துல நீ அவளப்பத்தி நாலு வார்த்த சொல்லணும் மக்கா."

"செரி மாமி."

"கூட்டத்துல சொல்லுற அதச் சொல்லாண்டாம். அது அவ செத்த கத. எனக்குத் தெரியும். நான் அவளக் கெட்டிக் கொடுத்த பெறவு உங்க ரெண்டு பேருக்க வீட்டுல அவ எப்படி இருந்தா? அத நான் பாக்கல்ல. நீதான் பாத்த. அதுல ஒண்ணு எனக்கு வேணும்."

செரி என்றேன். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை.

யோசித்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவாள். அடுத்த நொடி ஐசியூ கதவு. மீன் கழுவுவாள். ஐசியூ கதவு. எதை எடுத்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் போய், அதே வரிசையில், அதே வார்த்தைகளில் முடிந்தது. அவள் குரலைக் கேட்க முயன்றால் என் குரல் கேட்டது. வீட்டுக்குப் போலாமா என்பதை நான் அவளைவிட அதிக முறை சொல்லியிருக்கிறேன்.

ஜெபத்துக்கு முந்தின நாள் குளியலறையில் வாளிக்குத் தண்ணீர் திறந்தேன். அப்போது வந்தது.

சண்டையில் தோற்றால் அபினா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். குழாயைத் திறந்துவிடுவாள். பிறகு அந்தச் சண்டையை முதலிலிருந்து போடுவாள். அவள் பேச்சை அவள் குரலில், என் பேச்சை என் குரலில். என் குரல் கொஞ்சம் மூக்கால் வரும். உள்ளே நான் ஒவ்வொரு முறையும் மண்டு மாதிரிப் பேசித் தோற்பேன். கடைசியில் மன்னிப்பும் கேட்பேன். அவள் ஜெயித்துவிட்டு, முகம் கழுவி, சிரித்துக்கொண்டே வெளியே வந்து சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்பாள். நான் கதவுக்கு வெளியே நின்று முழுவதும் கேட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியாது.

வாளி நிரம்பி வழிந்தது. மனதுக்குள் அதை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் காப்பீடு வரவில்லை.

கருங்கல் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ். கண்ணீருடன் நினைவுகூரும் கணவர், தாய், அண்ணன், அண்ணி. அதற்குக் கீழே, கேப் கனெக்ட் குடும்பத்தினர். டெனிஷ் குழுவில் செய்தி போட்டிருந்தான். முன் இரண்டு வரிசையிலும் அவர்கள்தான். இரண்டு பாட்டு, வேதபாடம், போதகரின் செய்தி. பிறகு போதகர் என்னைப் பேசச் சொன்னார்.

எழுந்தேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணமணி ஆரம்பி என்பதுபோலத் தலையசைத்தார். ஞானதாசன் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தயாராக வைத்திருந்தார். ஒருவர் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்திருந்தார்.

இங்கே சொன்னால் அது அடுத்த புதன்கிழமை ஹாலில் இருக்கும் என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

டெனிஷ் எழுந்து வந்து என் தோளில் கைபோட்டான். மைக்கை வாங்கினான். அவனுக்கு அது மனப்பாடம். நான் நிறுத்தும் இடங்களில் நிறுத்தினான்.

"என் மனைவி அபினா," என்றான், "காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா."

என் தங்கச்சி என்று சொல்லியிருக்கவேண்டும். அவன் கவனிக்கவில்லை. பந்தலில் ஒருவரும் கவனிக்கவில்லை. மாமி மட்டும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அவன் வீட்டுக்குப் போலாமா வரை சொன்னான். நாளைக்குப் போலாம்னு சொன்னேன் என்றான். அழுதான். உங்கள் வீட்டில் உள்ளவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று முடித்தான். பந்தல் முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது பின்பக்கம் போனேன். மாமி துணி துவைக்கும் அலக்குக் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமே சொல்லல்லியே நீ."

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். குழாய், இரண்டு குரல், என் மூக்கு, நான் கேட்கும் மன்னிப்பு. அவள் பேசுவதுபோலப் பேசிக்காட்டினேன். மாமி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"எனக்க கள்ளி! சின்னதுல நான் அடிச்சா கோழிக்கூட்டுக்குக் கிட்ட போயி நிப்பா. கோழியப் பிடிச்சுவச்சு, அம்மா இனிமே அடிப்பியான்னு கேப்பா. கோழி மாட்டேன்னு சொல்லணும்."

"சொல்லுமா?"

"கழுத்தப் பிடிச்சா பின்ன சொல்லாதா?"

கொஞ்ச நேரம் அபினா எங்கள் நடுவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஐசியூ கதவு வரவில்லை.

அன்று சாயங்காலமே மாமி சந்தோஷத்தில் அதை டெனிஷின் மனைவி சுஜியிடம் சொல்லியிருக்கிறார். சுஜி டெனிஷிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அவன் கூப்பிட்டான்.

"லே, இவ்வளவு நாளும் இத எங்க வச்சிருந்த?"

"எத?"

"பாத்ரூமு. சூப்பர்லே. முதல்ல சிரிக்க வைக்கணும், பெறவு அந்த ஐசியூ. ஆளுவ தாங்காது."

"வேண்டாம் மச்சான்."

"உள்ளதத்தானே சொல்லப்போற? நாளைக்குப் பாப்போம்."

புதன்கிழமை டெனிஷ் தன் நிமிடத்தில் கிச்சனைப் பற்றிப் பாதிதான் பேசினான். "மிச்ச நேரம் ஜெஸ்பினுக்கு. இன்னைக்கு அபினாவப்பத்தி புதுசா ஒண்ணு உண்டு. அந்தப் பாத்ரூம் சண்டையச் சொல்லுலே," என்று உட்கார்ந்தான். எல்லாரும் நாற்காலியைத் திருப்பினார்கள். சிலர் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

எழுந்தேன்.

"அது நடந்தது இல்ல," என்றேன். "மாமிக்கு ஆறுதலா இருக்கட்டுன்னு நானா உண்டாக்கிச் சொன்னது."

கிருஷ்ணமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ பழசு மட்டும் உள்ளதாக்கும், இல்லியா தம்பி?" என்றார்.

"கிருஷ்ணமணி, சும்மா இரும்," என்றார் ஞானதாசன். நேரம் ஆகும் முன்பே மணியைத் தட்டினார். அன்று ஸ்தோத்திரம் இல்லை. டெனிஷ் என்னிடம் பேசாமல் படியிறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மாமி கூப்பிட்டார்.

"நீ உண்டாக்கிச் சொன்னதா மக்கா?"

பாதி கழற்றிய சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து அத நெனச்சு நெனச்சு சிரிச்சிட்டுக் கிடக்கேன். பாத்திரம் கழுவும்போது கொழாயத் தொறந்தா சிரிப்பு வருது. இப்பம் டெனிஷ் வந்து அப்படி ஒண்ணுமே இல்லன்னு சொல்லுகான். நான் ஏசமாட்டேன். உள்ளதச் சொல்லு."

ஆமாம், உண்டாக்கினேன் என்று சொன்னால் அது எனக்கு மட்டும் இருக்கும். ஆனால் மாமி குழாயைத் திறக்கும்போது வெறும் தண்ணீர்தான் வரும்.

"நடந்ததுதான் மாமி. ஹால்ல தான் பொய் சொன்னேன். டெனிஷ்ட்ட சொல்லாண்டாம்."

மறுபக்கம் நாற்காலி நகர்ந்தது.

"ஸ்பீக்கர்லயாக்கும் கிடக்கு," என்றான் டெனிஷ்.

மாமி அவனை ஏதோ சொன்னார். அவன் போனைக் கையில் எடுத்தது தெரிந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"மக்கா, அவ எனக்குத் தங்கச்சியும் ஆக்கும். ஆஸ்பத்திரியில எங்கள உள்ள விடல்ல. கடைசியா அவ உனக்ககிட்டதான் பேசினா. எனக்கு ஒண்ணும் இல்ல. புதன்கிழம நீ எந்திரிச்சுச் சொல்லும்போதாக்கும் எனக்கு அவ வாறா. அதுக்காவத்தான் சொல்லுலே சொல்லுலேன்னு நிக்கேன். ரெஃபரலுக்குன்னு நெனச்சியா?"

பாதி அப்படித்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றப் பாதி இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பாத்ரூமுக்குள்ள எப்பமாவது எனக்க குரல்ல பேசினாளா அவ?"

பேசினாள். கல்யாணமான புதிதில், அவன் எங்கள் வீட்டுக்கு கிச்சன் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி இழுத்தடித்தபோது. அவன் வார்த்தைக்கு வார்த்தை மார்க்கெட், குவாலிட்டி என்பதை அப்படியே பேசினாள். கதவுக்கு வெளியே நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இதுவரை அது நினைவுக்கே வந்ததில்லை. அவன் கேட்டதும் வந்தது, இன்னும் யார் கையும் படாமல்.

சொன்னால் அடுத்த புதன்கிழமை அவன் எழுந்து இதைச் சொல்வான். இரண்டு குரலிலும் பேசிக்காட்டுவான். எங்கே நிறுத்துவான் என்றுகூட எனக்குத் தெரிந்தது.

"லே, இருக்கியா?"

"இருக்கேன்."

"பேசினாளா?"

"பேசினா மச்சான்," என்று சொல்ல ஆரம்பித்தேன்.